உண்ட வீடும் இரண்டகமும்: சேவைப் பணியாளரின் பிளவுண்ட கடப்பாடு – விக்ரோலியை முன்வைத்து

முன்னுரை

'உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்யாதே' என்பது தமிழர் வழக்கில் நெடுங்காலமாக நிலவிவரும் அறிவுரையாகும். உண்டவன் ஒருவன், உணவிட்ட வீடு ஒன்று, ஆகவே அவனது கடப்பாடும் ஒன்றே என்னும் கணக்கு இப்பழமொழிக்குள் அடங்கியுள்ளது. ஆனால் இன்றைய சேவைத் தொழில்களில் இக்கணக்கு அவ்வளவு எளிதாக அமைவதில்லை. சம்பளச் சீட்டை ஒரு நிறுவனம் அளிக்கிறது. அச்சம்பளத்திற்கான பணம் கடல் கடந்த வேறொரு நிறுவனத்திலிருந்து வருகிறது. அன்றாடம் காதில் ஒலிக்கும் குரலோ இவ்விரண்டையும் சேராத மூன்றாமவருடையது. இத்தகைய பணியில் 'உண்ட வீடு' என்பது எது? இம்மூவரின் நலன்கள் தம்முள் முரணும்போது ஊழியர் யார் பக்கம் நிற்பது அறம்? இவ்வினாவை மும்பையின் விக்ரோலிப் பகுதியில் நிகழ்ந்த தொழில் மாற்றத்தை முன்வைத்தும், தமிழ் இலக்கியம் காட்டும் சில நிகழ்வுகளை அளவுகோலாகக் கொண்டும் ஆராய இக்கட்டுரை முற்படுகிறது.

சொல்லும் பொருளும்

ஊழியரின் நேர்மையைக் குறிக்க இன்று பெருவழக்காக உள்ள சொல் 'விசுவாசம்' என்பதாகும். வடமொழியிலிருந்து வந்த இச்சொல்லுக்கு நம்பிக்கை என்பதே பொருள். கிறித்தவத் தமிழில் இறைநம்பிக்கையைக் குறிக்கும் இச்சொல், அலுவலக வழக்கில் மேலிடத்தின்பால் கீழுள்ளவர் கொள்ளும் பற்றினைக் குறிக்கிறது. நம்பிக்கை இரு பக்கமும் இயங்கக்கூடியது. ஆயின் 'விசுவாசமான முதலாளி' என்னும் தொடர் நம் செவிக்குச் சற்று அயலாகவே ஒலிக்கிறது. சொல்லின் பொருள் ஒருபக்கமாகச் சாய்ந்துவிட்டது என்பதற்கு இதுவே சான்றாகும்.

இதற்கு முந்தைய தமிழ்ச் சொற்கள் வேறு வகையில் அமைந்தவை. திருக்குறளின் பதினோராம் அதிகாரம் பேசும் 'செய்ந்நன்றி' என்பது பிறர் செய்த நன்மையைக் குறிப்பது. நம்பிக்கையைக் குறிக்க வள்ளுவர் ஆளும் 'தெளிவு' என்னும் சொல், ஆராய்ந்து அறிந்தபின் தோன்றும் நம்பிக்கையைச் சுட்டுகிறது. 'செஞ்சோற்றுக்கடன்' என்பது இவற்றினும் உணர்ச்சிச் செறிவு மிக்கது. ஊட்டி வளர்த்தவனுக்காக உயிரையும் கொடுத்தலை அது குறிக்கிறது. 1964இல் வெளிவந்த 'கர்ணன்' திரைப்படத்திற்குப் பின்னர் இச்சொல் ஏட்டுக் கல்வி இல்லாதவர் நாவிலும் நிலைபெற்றது.

இவற்றுக்கு எதிர்நிலையில் நிற்பது 'இரண்டகம்'. இரண்டு, அகம் என்னும் இரு சொற்களின் சேர்க்கையாக இதனைக் கொண்டால், உள்ளம் இரண்டுபடுதலே துரோகம் என்று மொழி தீர்ப்பளித்திருப்பதாகத் தோன்றும். இத்தீர்ப்பு சரியானதா என்பதே இக்கட்டுரையின் மைய வினாவாகும். இரு கடப்பாடுகளை உடையவர் அனைவரும் இரண்டகம் செய்பவர் ஆவரா?

விக்ரோலி: இரு காலம், இரு பணி

மும்பையின் மத்திய ரயில் தடத்தில் காட்கோபருக்கும் காஞ்சூர்மார்க்குக்கும் இடையில் உள்ளது விக்ரோலி. 1940களில் பிரோஜ்ஷா கோத்ரெஜ் இங்கு வாங்கிய பரந்த நிலத்தில் தொழிற்சாலைகளும் தொழிலாளர் குடியிருப்பும் பள்ளியும் அமைந்து, அவர் பெயராலேயே அது பிரோஜ்ஷாநகர் என வழங்கலாயிற்று. 1951-52ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற முதல் பொதுத் தேர்தலுக்கான வாக்குப்பெட்டிகள் இங்குச் செய்யப்பட்டன. பணி, வீடு, பிள்ளைகளின் கல்வி ஆகிய மூன்றையும் ஒரே நிறுவனம் அளித்த இவ்வமைப்பில் 'உண்ட வீடு' எது என்னும் ஐயம் எழ வாய்ப்பில்லை. வேலைக்குச் சேர்ந்த வாயில் வழியாகவே ஓய்வு பெற்று வெளியேறுவது அன்றைய இயல்பாக இருந்தது.

மும்பைத் தமிழரின் அலுவலக வாழ்வும் ஏறத்தாழ இவ்வடிவிலேயே உருப்பெற்றது. தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்று மாட்டுங்காவில் குடியேறிய தலைமுறையினர் எழுத்தர்களாகவும் கணக்கர்களாகவும் மேலாளரின் அந்தரங்கச் செயலர்களாகவும் பணியாற்றினர். 1932இல் தொடங்கப்பட்ட தென்னிந்தியக் கல்விச் சங்கம் அவர்தம் பிள்ளைகளின் கல்விக்கு வழிவகுத்தது. 1955இல் கோத்ரெஜ் நிறுவனம் உள்நாட்டிலேயே தட்டச்சுப் பொறியைச் செய்யத் தொடங்கியபோது, அத்தகைய பொறிகளின் முன் அமர்ந்திருந்தோருள் தமிழர் கணிசமானோர். மேலாளர் சொல்லச் சொல்ல எழுதும் சுருக்கெழுத்தாளர் நிறுவனத்தின் மறைபொருள் அனைத்தையும் அறிவார். அவற்றை வெளியிடாமையே அவருடைய தொழிலின் பெருமையாகக் கருதப்பட்டது.

அக்காலத்திலும் பணியாளரின் விசுவாசம் ஐயத்திற்கு உள்ளானதுண்டு. ஆனால் அவ்வையம் வேறு வகையினது. 1960இல் தொடங்கப்பட்ட 'மார்மிக்' என்னும் மராத்தி வார இதழ், மும்பை அலுவலகங்களில் பணியாற்றிய தென்னிந்தியர்களின் பெயர்களைப் பட்டியலிட்டு வெளியிட்டது. அதன் தொடர்ச்சியாக 1966இல் சிவசேனை தோன்றியது. தென்னிந்திய அலுவலர்கள் தம்மவர்க்கே வேலை தருகின்றனர் என்பது அப்பட்டியலின் உட்பொருள். நிறுவனத்திற்கும் தன் இனத்திற்கும் இடையே ஊழியரின் அகம் இரண்டுபட்டுள்ளது என்பதே அக்குற்றச்சாட்டின் சாரம். பெயரை வைத்தே ஒருவரது அகத்தைத் தீர்மானிக்கும் இம்முறையின் கொடுமையை மும்பைத் தமிழர் அறிவர். பிளவுண்ட கடப்பாடு பற்றிப் பேசும் எவரும் முதலில் நினைவிற்கொள்ள வேண்டியது இது. இரு தொடர்புகளை உடையவர் என்பதனாலேயே ஒருவரைத் துரோகி எனக் கருதுவது அறமாகாது.

இரண்டாம் காலம் அயற்பணி நிறுவனங்களின் காலமாகும். தொழிற்சாலைகள் இருந்த அதே வளாகத்தில் அலுவலகக் கட்டடங்கள் எழுந்தன. பி.பி.ஓ. என வழங்கும் இத்துறையின் தொடக்ககால நிறுவனங்களுள் ஒன்றான டபிள்யூ.என்.எஸ். நெடுங்காலமாக விக்ரோலியைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கியது. அதன் வரலாறு நம் வினாவிற்கு மிகவும் பொருத்தமானது. 1996இல் அது பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமான நிறுவனத்தின் சொந்தப் பிரிவாகத் தோன்றியது. 2002இல் அதன் பெரும்பான்மைப் பங்குகளை வார்பர்க் பின்கஸ் என்னும் முதலீட்டு நிறுவனம் வாங்கியது. 2006இல் நியூயார்க் பங்குச் சந்தையில் அது பட்டியலிடப்பட்டது. 2025இல் பிரான்சைச் சேர்ந்த கேப்ஜெமினி அதனைக் கையகப்படுத்தியது.

2002ஆம் ஆண்டு மாற்றத்தை ஊழியரின் இடத்திலிருந்து நோக்குதல் வேண்டும். அன்றுவரை 'நம் நிறுவனம்' என்றிருந்த விமான நிறுவனம் அதன்பின் 'வாடிக்கை நிறுவனம்' ஆயிற்று. பயணியின் குறையைக் கேட்டுப் பதிவு செய்யும் வேலையின் தன்மை இதனால் மாறவில்லை. யாருக்கு உழைக்கிறோம் என்பதற்கான விடை மட்டும் மாறியது. உரிமை கைமாறும்போது பொறிகளும் ஒப்பந்தங்களும் உடன் மாறுவது இயல்பு. ஊழியரின் விசுவாசமும் அவ்வாறே கைமாற்றப்படக்கூடிய பொருள்தானா? அவ்வாறாயின், அது தொடக்கத்திலேயே விசுவாசமாக இருந்திருக்குமா என்னும் வினா எழுகிறது.

மூவர்க்கு ஒருவர்

அழைப்பு மையப் பணியாளரின் நிலையைத் தமிழில் சொல்ல முற்படும்போதே ஒரு சிக்கல் தோன்றுகிறது. பணியை ஒப்படைத்த நிறுவனத்தையும், தொலைபேசியில் அழைக்கும் தனிமனிதரையும் 'வாடிக்கையாளர்' என்னும் ஒரே சொல்லால் குறிக்கிறோம். அத்தொழிலில் இருப்போர் முன்னதைக் 'கிளையன்ட்' என்றும் பின்னவரைக் 'கஸ்டமர்' என்றும் பிரித்தே வழங்குகின்றனர். இப்பிரிவு வெறும் சொல்வழக்கு அன்று. கிளையன்ட் மனநிறைவு அடைந்தால் ஒப்பந்தம் நீடிக்கும். கஸ்டமர் மனநிறைவு அடைவதும் அடையாததும் பெரும்பாலும் ஒரு மதிப்பெண்ணாக மட்டுமே பதிவாகும்.

ஒரு சூழலைக் கற்பனை செய்து காண்போம். செம்பூரிலோ தாராவியிலோ வீடு உள்ள ஓர் இளைஞர் மாலையில் நிறுவன வாகனத்தில் ஏறி விக்ரோலிக்கு வருகிறார். குளிர்காலத்தில் நியூயார்க்கில் காலை ஒன்பது மணி ஆகும்போது இங்கு இரவு ஏழரை மணி. கடன் அட்டை நிறுவனம் ஒன்றின் அழைப்புகளை அவர் ஏற்கிறார். வயது முதிர்ந்த பெண்மணி ஒருவர், தம் கணக்கில் பிடிக்கப்பட்ட தாமதக் கட்டணம் பற்றிக் கேட்கிறார். 'தள்ளுபடி செய்யுங்கள்' என்று வாய்விட்டுக் கேட்போருக்கு அதனைத் தள்ளுபடி செய்யலாம். கேளாதவரிடம் அவ்வசதியைத் தாமாகச் சொல்லக்கூடாது என்பது கிளையன்ட் வகுத்த விதி. அப்பெண்மணிக்குக் கேட்கத் தெரியவில்லை. அழைப்பை விரைந்து முடிக்க வேண்டும் என்பது சம்பளம் தரும் நிறுவனத்தின் எதிர்பார்ப்பு. அவர் அந்த வசதியைச் சொன்னால் கிளையன்ட்டின் விதியை மீறியவர் ஆவார். சொல்லாவிடின் அப்பெண்மணியின் அறியாமையைப் பயன்கொண்டவர் ஆவார். நேரம் கடத்தினால் தம் நிறுவனத்தின் அளவீட்டில் தாழ்வார். அவர் அகம் இங்கு இரண்டாக மட்டுமன்றி மூன்றாகவே பிளவுறுகிறது. இப்பிளவை அவர் உருவாக்கவில்லை. பணியமைப்பு அவருக்குள் வைத்தது.

இந்நிலை அழைப்பு மையங்களுக்கு மட்டும் உரியதன்று. கணக்குத் தணிக்கையாளரை எண்ணிப் பார்க்கலாம். அவருக்கு ஊதியம் தருவது தணிக்கைக்கு உள்ளாகும் நிறுவனம். அவர் கடமைப்பட்டிருப்பதோ அந்நிறுவனத்தின் பங்குதாரர்களுக்கு. சத்யம் நிறுவனத்தின் கணக்குகள் பொய்யானவை என அதன் தலைவரே 2009 ஜனவரி 7ஆம் நாள் ஒப்புக்கொண்டபோது, தணிக்கை செய்தோர் யாருக்காகப் பணியாற்றினர் என்னும் வினா நாடெங்கும் எழுந்தது. 2015 ஏப்ரலில் ஹைதராபாத் சிறப்பு நீதிமன்றம் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்த பதின்மருள் அந்நிறுவனத்தின் தணிக்கையாளர்களாக இருந்த இருவரும் அடங்குவர். அத்தீர்ப்பு மேல்முறையீட்டிற்குச் சென்றது. பணம் வரும் திசையும் கடமை செல்லும் திசையும் வேறாக இருத்தல் சேவைத் தொழிலின் அடிப்படை இயல்பு என்பதை இதனால் உணரலாம்.

இலக்கியம் காட்டும் மூன்று நிலைகள்

தமிழ் மரபு இச்சிக்கலை அறியாததன்று. மூன்று நிகழ்வுகள் இங்கு நோக்கத்தக்கன.

முதலாவது, கம்பராமாயணத்துக் கும்பகருணன். இராவணன் செய்தது தவறு என்பதை அவன் ஐயமின்றி அறிவான். அவைக்கண் அதனை எடுத்தும் உரைக்கிறான். வீடணன் வந்து அழைத்தபோது, நெடுங்காலம் வளர்த்துப் போர்க்கோலம் செய்து அனுப்பியவனுக்கு உயிர் கொடாது அகலேன் என மறுத்து, தம்பியை மட்டும் அறத்தின் பக்கம் திருப்பி அனுப்புகிறான். செஞ்சோற்றுக்கடனின் முழுமையான வடிவம் இதுவே. படிப்போர் கண்ணீர் விடுவது இவனுக்காகத்தான். எனினும் ஒரு வினா எஞ்சுகிறது. அவன் கடன் தீர்த்ததனால் சிறையிருந்தவளுக்கு என்ன விடிவு கிட்டியது? உண்டவனும் உணவிட்டவனும் மட்டுமே இடம்பெறும் இக்கணக்கில், பாதிக்கப்பட்ட மூன்றாமவருக்கு இடமே இல்லை.

இரண்டாவது, வேளைக்காரப் படையினர். தம் தலைவனுக்காக உயிர்விடச் சூளுரைத்த இப்படையினரை ஒரு வகையில் தொழில்முறைச் சேவையாளர் எனலாம். பதினோராம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலங்கையை ஆண்ட முதலாம் விசயபாகுவின் படையில் இவர்கள் இருந்தனர். சோழர்மீது போரிட ஆணையிடப்பட்டபோது இவர்கள் கிளர்ந்தெழுந்ததையும், அக்கிளர்ச்சி கடுமையாக ஒடுக்கப்பட்டதையும் சூளவம்சம் கூறுகிறது. அப்படையினரே பின்னர்ப் பொலன்னறுவையில் பௌத்தர்களின் புனிதப் பல் பேணப்பட்ட கோயிலைத் தம் உயிர் கொடுத்தும் காப்பதாக ஒப்புக்கொண்டமையை அங்குள்ள தமிழ்க் கல்வெட்டு தெரிவிக்கிறது. தம்மவர்மீது வாளெடுக்க மறுத்தவர்களே அயற்சமயத்தவரின் புனிதப் பொருளைக் காக்க முன்வந்தனர். விலைக்கு வாங்கப்பட்ட விசுவாசத்திற்கும் ஓர் எல்லை உண்டு என்பதையும், அவ்வெல்லைக்கு இப்பால் அது உறுதியாகவே நிற்கக்கூடும் என்பதையும் இவ்விரு செய்திகளும் ஒருங்கே உணர்த்துகின்றன.

மூன்றாவது, புறநானூற்றின் 47ஆம் பாடலுக்குரிய நிகழ்ச்சி. சோழன் நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்குள் சென்ற இளந்தத்தன் என்னும் புலவனை, அவன் பகைவனின் ஒற்றன் எனக் கருதி நெடுங்கிள்ளி கொல்ல முற்பட்டான். கோவூர்கிழார் பாடி அவனை உய்யக்கொண்டார் எனக் கொளு கூறுகிறது. பல வாயில்களில் பரிசில் பெறுதல் புலவரின் வாழ்க்கைமுறை என்பதையும், அதனால் பிறர்க்குத் தீங்கு இல்லை என்பதையுமே கோவூர்கிழார் அரசனுக்கு எடுத்துரைக்கிறார். நேற்று ஒரு வீட்டில் உண்டவன் இன்று அதன் பகைவர் வீட்டில் உண்பது இரண்டகமாகாதா என்பது நெடுங்கிள்ளியின் ஐயம். ஆகாது என்பது கோவூர்கிழாரின் விடை. ஏன் ஆகாது என்பதை ஆராய்ந்தால் நம் வினாவிற்கான விடை கிட்டும் எனலாம். புலவன் இரு மன்னரையும் பாடுகிறான். ஆனால் இருவரிடத்தும் வெளிப்படையாகவே பாடுகிறான். ஒற்றனும் இரு மன்னரிடையே இயங்குபவன்தான். ஒருவனிடம் தான் செய்வதை அவனிடமே மறைப்பதனால் ஒற்றன் ஆகிறான். இருவரின் கால்களும் ஒரே வழியில் நடக்கின்றன. மறைத்தல் ஒன்றே அவர்களை வேறுபடுத்துகிறது.

இரண்டகம் எது?

மேற்கண்டவற்றால் இரண்டகத்திற்கு வேறொரு வரையறை பெறப்படுகிறது. இரு கடப்பாடுகளை உடையராதல் இரண்டகமன்று. ஒரு கடப்பாட்டின்பொருட்டுச் செய்வதை, அதனால் பாதிக்கப்படும் மற்றவரிடம் பொய்கூறி மறைப்பதே இரண்டகம். இவ்வரையறையை அண்மைக்கால நிகழ்வுகள் சிலவற்றோடு பொருத்திக் காணலாம்.

2005இல் புனே நகரில், அமெரிக்க வங்கி ஒன்றின் பணியை ஏற்றிருந்த அயற்பணி நிறுவனத்தின் ஊழியர்களாக இருந்தோர் சிலர், தொலைபேசியில் வாடிக்கையாளர்களின் மறையெண்களைப் பெற்று, ஏறத்தாழ மூன்றரை இலட்சம் டாலரை வேறு கணக்குகளுக்கு மாற்றியமை வெளிப்பட்டது. இது கிளையன்டுக்கும் நிறுவனத்திற்கும் செய்த துரோகமாகவே பெரிதும் பேசப்பட்டது. ஆயின் முதலில் பறிபோனது, முகம் அறியாத குரலை நம்பி எண்ணைச் சொன்னவர்களின் பணம். 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 2008ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 72அ பிரிவு, ஒப்பந்தத்தின்கீழ்ப் பெற்ற தனிமனிதத் தகவலை முறைகேடாக வெளியிடுவோர்க்கு மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க வழிசெய்தது. மூன்றாமவரின் இடத்தைச் சட்டம் காலந்தாழ்ந்தேனும் கண்டுகொண்டது.

இதற்கு நேர்மாறான நிகழ்வு 2016 அக்டோபரில் வெளிப்பட்டது. மும்பையை ஒட்டிய மீரா சாலைப் பகுதியில் இயங்கிய போலி அழைப்பு மையங்களில் தானே காவல்துறையினர் சோதனையிட்டனர். அமெரிக்க வருமானவரி அலுவலர்கள்போல் நடித்து அந்நாட்டு மக்களை அச்சுறுத்திப் பணம் பறித்ததாகக் குற்றம் சாட்டப்பட்டது. எழுநூற்றுக்கும் மேற்பட்டோர் விசாரிக்கப்பட்டு 70 பேர் கைது செய்யப்பட்டனர். அத்தகைய இடத்தில் சம்பளத்திற்கு அமர்ந்து, சொன்னதைச் சொன்னபடி பேசும் ஓர் இளைஞரின் அகம் இரண்டுபடவில்லை. புனேயில் நிகழ்ந்தது உண்ட வீட்டுக்கு இரண்டகம். மீரா சாலையில் ஊழியர் காட்டியதோ உண்ட வீட்டுக்கு முழு விசுவாசம். இரண்டிலும் பாதிக்கப்பட்டவர் ஒருவரே. ஆகவே முதலாளியிடம் கொண்ட விசுவாசத்தை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் இரண்டாவது குற்றத்தை நாம் காணவே இயலாது. கும்பகருணனின் பெருமையை மட்டும் போற்றும் அறக்கல்வியில் உள்ள குறை இதுவே.

வள்ளுவர் இவ்விடத்தில் நமக்குப் பெருந்துணையாகிறார். வேந்தன் தானாக அறியாதவனாகவும் அறிந்தோர் சொல்லை ஏலாதவனாகவும் இருப்பினும் உறுதியானதை உரைத்தல் அமைச்சனின் கடன் என்பது 'அமைச்சு' அதிகாரம் தரும் கருத்து. இங்குக் கடன் என்பது கீழ்ப்படிதல் அன்று, உரைத்தல். 'நடுவுநிலைமை' அதிகாரமோ, பிறர் பொருளையும் தம்முடையதுபோல் பேணுதலே வாணிகத்தின் சிறப்பு என்னும் கருத்தோடு நிறைவுறுகிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில் காட்டும் காவிரிப்பூம்பட்டினத்து வணிகரும் கொள்வதை மிகையாகக் கொள்ளாது, கொடுப்பதைக் குறைத்துக் கொடாது, விலையை வெளிப்படையாகக் கூறி விற்றவர்கள். எதிரே நிற்பவன் உணவிட்டவன் அல்லன். அவனுக்கு நன்றிக்கடன் ஏதுமில்லை. அவன் நம்பி வந்தவன் என்பதே அவனது உரிமைக்குப் போதுமானதாகிறது. தாமதக் கட்டணம் பற்றிக் கேட்ட அப்பெண்மணியின் உரிமையும் இதுவே.

இரு மறுப்புகள்

இவ்வரையறைக்கு இரு மறுப்புகள் எழக்கூடும். முதலாவது, மறைத்தலே இரண்டகம் எனின், நிறுவன மறைபொருளைக் காக்கும் ஊழியரும் இரண்டகம் செய்பவர் ஆவாரே என்பது. மறை காத்தலும் பொய்த்தலும் வேறு. வங்கி ஊழியர் மற்றொருவரின் கணக்கு விவரத்தைத் தம்மிடம் சொல்லமாட்டார் என்பது அழைப்பவருக்குத் தெரியும். அம்மறை இருக்கிறது என்பது மறைக்கப்படவில்லை. அழைப்பு மையங்களின் தொடக்க ஆண்டுகளில் பரவலாக இருந்த மாற்றுப்பெயர் வழக்கத்தையும் இவ்வாறே பகுத்துக் காணலாம். புனைபெயர் தமிழ் எழுத்தாளர்க்குப் புதிதன்று. ஒலிப்பதற்கு எளிய பெயரைச் சொல்வதால் எவர்க்கும் தீங்கில்லை. ஆனால் 'எந்த ஊரிலிருந்து பேசுகிறீர்கள்' என்று நேராகக் கேட்பவரிடம் வேறு ஊரைச் சொல்லுமாறு ஊழியர் பணிக்கப்பட்டால், அவர் நாவைப் பிறர் பொய்க்கு வாடகைக்கு எடுத்ததாகிறது. சிறு பொய்யை விசுவாசத்தின் அடையாளமாகக் கேட்கும் அமைப்பு, பெரும் பொய்யை எந்த முகத்தோடு கண்டிக்கும்?

2022ஆம் ஆண்டின் இரட்டை வேலைச் சர்ச்சையும் இவ்வேறுபாட்டைத் தெளிவாக்குகிறது. வீட்டிலிருந்து பணியாற்றிய காலத்தில் போட்டி நிறுவனங்களுக்கும் வேலை செய்ததாகக் கூறி, 300 பேரை நீக்கியதாக விப்ரோ நிறுவனம் அவ்வாண்டு செப்டம்பரில் அறிவித்தது. அடுத்த மாதமே இன்ஃபோசிஸ் நிறுவனம், முன் அனுமதி பெற்றுச் சில புறவேலைகளைச் செய்யலாம் என ஊழியர்க்குத் தெரிவித்தது. இரு வீட்டில் உண்பதற்கு வழியே இல்லை என்பதன்று. இரு வீட்டாரும் அறிய உண்ணவேண்டும் என்பதே இங்குப் பெறப்படும் நெறி.

இரண்டாவது மறுப்பு வலிமையானது. வள்ளுவர் பேசும் அமைச்சன் அரசவையில் இடம் உடையவன். கோவூர்கிழார் மன்னர் மதிக்கும் புலவர். இரவுப் பணியில் அமர்ந்து, வீட்டுக் கடனையும் தங்கையின் படிப்பையும் தாங்கும் இளைஞர், உண்மையைச் சொல்லி வேலையை இழக்க வேண்டும் என எதிர்பார்ப்பது அறமா? இதனைப் புறக்கணிக்கும் அறவுரை ஏட்டளவில் நின்றுவிடும். ஆகவே கடமையைப் படிநிலைப்படுத்துதல் தேவையாகிறது. எவரும் பிறர்க்குத் தீங்கு பயக்கும் நேர்ப்பொய்யைச் சொல்லும் கடப்பாடு உடையவர் அல்லர். இது கடைசி எல்லை. அதற்கு முன்னதாக, விதி தவறு என்பதை மேலாளரிடம் எடுத்துரைத்தல் இயன்றவரை செய்யத்தக்கது. விதிக்குள் நின்றே கேட்பவரின் அறியாமையைக் குறைக்கும் வழிகளும் உண்டு. 'இது குறித்து வேறு ஏதேனும் கேட்க விரும்புகிறீர்களா' என்னும் ஒரு தொடர் சிலபோது ஒரு கதவைத் திறக்கும். எஞ்சிய பொறுப்பு விதியை வகுத்தவரையே சாரும். பிளவை அமைத்தவர் ஒருவர், பிளவுண்டமைக்காகத் தண்டிக்கப்படுபவர் வேறொருவர் என்னும் நிலை நடுவுநிலைமைக்கு மாறானது.

மறுபக்கத்துக் கடன்

செஞ்சோற்றுக்கடன் பற்றிப் பேசும்போது சோறிட்டவரின் கடனும் பேசப்படவேண்டும். விக்ரோலிக்கு வடக்கே அதே ரயில் தடத்தில் உள்ளது கல்யாண். அங்கிருந்த செஞ்சுரி நிறுவனத்தின் டயர் நூல் ஆலையில் பணியாற்றி, ஒப்பந்தக் காலம் முடியுமுன்பே கோட்டா நகரிலுள்ள போட்டி நிறுவனத்திற்குச் சென்ற ஊழியர் தொடர்பான கோலிகாரி வழக்கில் 1967இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பணிக்காலத்திற்குள் போட்டியாளரிடம் பணிசெய்யாதிருக்கும் கட்டுப்பாடு செல்லும் என்பது அத்தீர்ப்பு. அவர் காக்க வேண்டியிருந்த தொழில்நுட்ப மறைபொருள் செஞ்சுரிக்கு ஐரோப்பிய நிறுவனங்கள் அளித்தது என்பது குறிப்பிடத்தக்கது. கடல் கடந்த மூன்றாமவரின் நிழல் அன்றே இருந்தது. பணி முடிந்தபின்னும் ஒருவரைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம், 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்து 27ஆம் பிரிவின்படி செல்லாது என்னும் நிலைப்பாடு 1980ஆம் ஆண்டின் முர்காய் வழக்கில் உறுதிப்பட்டது. கடனுக்குக் கால எல்லை உண்டு, அது உயிருள்ளவரை தொடர்வதன்று எனச் சட்டம் கருதுகிறது.

ஆயின் அலுவலகப் பேச்சில் கணக்கு வேறாக உள்ளது. ஊழியர் வேறு நிறுவனத்திற்குச் சென்றால் அது விசுவாசமின்மை. கிளையன்ட் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டதால் ஊழியர் அனுப்பப்பட்டால் அது வணிக நிலைமை. அழைப்புகள் அனைத்தும் பதிவு செய்யப்படுகின்றன; பணிக்கூடத்திற்குள் கைபேசி கொண்டுசெல்லத் தடை உள்ள இடங்களும் உண்டு. ஆராயாது நம்புதலும், நம்பியவரை ஐயுறுதலும் தீராத துன்பம் தரும் என்பது வள்ளுவர் கருத்து. நாள்தோறும் ஐயுற்றுக்கொண்டே விசுவாசத்தை வேண்டுவது, தெளிவைத் தராமல் தெளிவைக் கேட்பதாகும்.

முடிவுரை

உண்ட வீடு ஒன்றாக இருந்த காலத்தில் உருவான அறச்சொற்களைக் கொண்டே, வீடுகள் பலவாகிவிட்ட காலத்து ஊழியரை நாம் அளந்து வருகிறோம். பிரோஜ்ஷாநகரின் தொழிலாளிக்குப் பொருந்திய சொல், அதே வளாகத்தில் இரவில் அமர்ந்து அயல்நாட்டுக் குரலுக்கு மறுமொழி கூறுபவருக்கு முழுமையாகப் பொருந்தவில்லை. அதற்காகச் செஞ்சோற்றுக்கடனைக் கைவிட வேண்டுவதில்லை. அதன் எல்லையை உணர்தலே வேண்டுவது. சம்பளம் தருபவருக்கு உழைப்பும் மறைகாப்பும் உரியன. பணியை ஒப்படைத்தவருக்குத் திறமும் கவனமும் உரியன. நம்பி அழைத்தவருக்கு வாய்மை உரியது. முன்னிரண்டும் ஒப்பந்தத்தால் வருவன. மூன்றாவது எந்த ஒப்பந்தத்திலும் எழுதப்படாதது. முரண் நேருங்கால் எழுதப்படாத அதற்கே முதலிடம் தரவேண்டும் என்பது இக்கட்டுரையின் முடிபு. ஏனெனில் ஒப்பந்தக்காரர் இருவர்க்கும் தம் நலத்தைக் காத்துக்கொள்ள வழக்கறிஞரும் நீதிமன்றமும் உண்டு. தொலைவிலிருந்து அழைப்பவருக்கு அவ்வேளையில் எதிர்முனையில் உள்ள அந்த ஒரு குரலைத் தவிர வேறு துணை இல்லை.